பேப்பர் படிக்கும் சாமி

எங்கள் குடும்பத்துச் சாமிகளில் ஒன்றுக்குப் பேப்பர் படிக்கும் பழக்கம் உண்டு. அக்கம்பக்கத்துச் சாமிகளெல்லாம் சுருட்டும் சாராயமும் கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் சாமிக்கு வருஷம் ஒருமுறை அன்றைய தினசரி வேண்டும். அது வராமல் படையல் கிடையாது. போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது என் மகள் தன் செல்போனில் செய்தியைத் திறந்து கல்லுக்கு முன்னால் நீட்டினாள். யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தச் சாமி ஒரு கல்தான். கொல்லிமலையில், தேவனூர் நாட்டில், என் அம்மா பிறந்த வீட்டுக்குப் பின்னால் பலாத்தோப்பைத் தாண்டினால் ஒரு சுனை வரும். அதன் ஓரத்தில் நட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், கீழே எங்கோ தந்திக் கம்பியை அறுத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ஒருவர் மலையேறி வந்தார். அவரை அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோப்புக் குடிசையில் ஒளித்துவைத்தார். வந்தவர் கடைசிவரை தன் பேரைச் சொல்லவில்லை. தெரிந்தால் போலீஸ் அடிக்கும்போது சொல்லிவிடுவீர்கள் என்றாராம். சந்தைக்குப் போய்வருகிறவர்களிடம் அவர் கேட்டதெல்லாம் பேப்பர்தான். எத்தனை நாள் பழசானாலும் ஓர் எழுத்து விடாமல் படிப்பாராம்.

ஒரு மத்தியானம் போலீஸ் வந்து சுனையடியில் அவரைச் சுட்டுக் கொன்றது. உடலையும் தூக்கிக்கொண்டு போனது. செத்தவன் யார், அவன் கூட்டாளிகள் யார் என்று கேட்டு அப்புச்சியைப் பலாமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். தெரிந்தால்தானே சொல்வதற்கு! சாகும்வரை அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அவர்தான் அந்த இடத்தில் கல்லை நட்டுப் படையல் போட ஆரம்பித்தவர்.

இதையெல்லாம் பெருமையாகக் கேட்டு வளர்ந்தாலும் எனக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. பள்ளிப் புத்தகத்துத் தியாகிகளுக்குப் பேர் இருந்தது, படம் இருந்தது, சிலருக்கு நல்ல மீசையும் இருந்தது. எங்களவருக்கு மஞ்சள் பூசிய கல் மட்டும்தான். பள்ளியில் சொன்னால் ஒரு பயலும் நம்பமாட்டான்.

பேப்பரைச் சாமிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அன்றைக்கு ஒருநாள் எனக்குப் பூசாரியின் மரியாதை. தலைப்புச் செய்தி, மழை நிலவரம் எல்லாம் முடிந்ததும் பெரியம்மா, “காணவில்லை போட்டிருக்குதா பாரு கண்ணு” என்பார். அம்மாவின் அக்கா அவர். அந்த மனிதர் குடிசையில் ஒளிந்திருந்தபோது பாவாடை கட்டிய சிறுமியாகச் சோற்றுச் சட்டி சுமந்துபோனவர். அவரைத் தேடி அவர் வீட்டார் என்றைக்காவது பேப்பரில் போடுவார்கள் என்று பெரியம்மா நம்பினார்.

“இத்தனை வருசங் கழிச்சு எவன்க்கா தேடுவான்?” என்று மாமா கிண்டல் செய்வார்.

“நீ தொலைஞ்சு போயிருந்தா நம்ம ஆத்தா சும்மா இருந்திருக்குமா?” என்பார் பெரியம்மா.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம் ஆடி மழை கொட்டித் தீர்த்தது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பேப்பருக்காகச் சோளக்காடு சந்தைவரை நடந்துபோன மாமா, டீக்கடையில் வடை மடிக்க வைத்திருந்த அரைத்தாளோடு நனைந்துபோய்த் திரும்பினார். சாமிக்குத் தேதியா தெரியப்போகிறது என்பது அவர் கணக்கு. ஒரு பக்கம் எண்ணெய் ஊறிய சினிமா விளம்பரம், மறுபக்கம் நூல் விலை. நூல் விலையை நான் மிகுந்த பக்தியோடு வாசித்தேன்.

“காணவில்லை படி கண்ணு.”

அந்தத் தாளில் அது இல்லை. பின்னால் கோழிக் குழம்பின் வாசனை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இல்லை என்றால் பேப்பர் முழுசாக வரும்வரை இலை விழாது. பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற மாமா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எதையாவது சொல்லித் தொலை என்று அதற்கு அர்த்தம்.

எனக்கா சொல்லித்தர வேண்டும்? அந்த விளம்பர பாஷை எனக்கு மனப்பாடம். தாளைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். “காணவில்லை. வெள்ளை வேட்டி அணிந்தவர். நீ எங்கிருந்தாலும் உடனே வரவும். உன் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார். உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.”

பசியின் அவசரத்தில் பேர் வைக்க மறந்துவிட்டேன்.

“பேரு போடலையா?” பெரியம்மாவின் குரல் மாறியிருந்தது.

“இல்லைங்க பெரியம்மா.”

“ஊரு?”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குக் கீழே நான் பார்த்திருந்த ஒரே ஊர் ராசிபுரம். அதைச் சொன்னேன்.

பெரியம்மா எழுந்து வீட்டுக்குள் போனார். நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, சாமை அரிசியும் கொஞ்சம் மிளகும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “ராசிபுரத்துக்குப் போயிட்டு வாரேன். அந்தம்மா கிடையில கெடக்குதாம். இனி தாமசம் பண்ணக்கூடாது” என்றார். பஸ் இல்லையே என்றோம். பஸ் வருவதற்கு முன்னால் மனுசர் இறங்கவில்லையா என்று கேட்டுவிட்டு, மழையில் பழைய ஒற்றையடிப் பாதையைப் பார்த்து நடந்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலிப் படலருகே மாமா ஓடிப்போய் மறித்தார். “அக்கா, போவாதீங்க. பேப்பர்ல அப்படி ஒண்ணுமே இல்லீங்க. நாந்தான் புள்ளைய ஏதாச்சும் சொல்லச் சொன்னேன்.”

பெரியம்மா திரும்பி வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினார். படிக்கத் தெரியாதவர் அதை வெகுநேரம் பார்த்தார். மாமா அடிவாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார். அடி விழவில்லை. பெரியம்மா முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மெதுவாகக் கேட்டார். “நெசமாவே அந்தம்மா இருந்து, நீ பார்த்திருந்தாத்தான் என்னக்கா சொல்லியிருப்ப?”

“அன்னைக்கு நான் கொண்டுபோன சோத்தை முழுசாத் தின்னுட்டுத்தான் கை கழுவப் போனாரு. அப்பத்தான் சுட்டாங்க. உங்க புள்ள பசியோட போவலீங்கன்னு சொல்லோணும். அத்தனதான்” என்றார் பெரியம்மா. பிறகு எங்களைப் பார்த்துவிட்டு, “புள்ளைங்களுக்கு எல போடுங்க” என்றார்.

சாமைச் சோற்றில் குழம்பைக் குழைத்து அடித்துக்கொண்டே நான் யோசித்தேன். அவர் தண்டவாளத்தைப் பெயர்த்ததை, போலீஸ் சுட்டதை, அப்புச்சி அடிபட்டதையெல்லாம் விட்டுவிட்டு, சோறு தின்றதைச் சொல்லவா ஒருத்தர் மழையில் மலையிறங்குவார்? பெரியம்மாவுக்கு ஒரு சேதியை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். நிஜமாகவே அந்த அம்மாவைப் பார்க்கப் போகிற நாளில் நானும் கூடப் போக வேண்டும், முக்கியமானதையெல்லாம் நானே எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.