என் பேரயும் சேர்த்து எழுதின பிராது

மல்லிகா காதுல ரத்தம் வழிஞ்சுகிட்டிருந்துச்சு. கொல்லையில துணி தொவைக்கிற கல்லுல தலை பட்டு, அப்படியே கெடந்தா. பக்கத்துல அவ புருஷன், என் தம்பி செல்வம் நின்னுகிட்டு, "வழுக்கி விழுந்துட்டாக்கா, வழுக்கி விழுந்துட்டா"ன்னு சொன்னதையே சொல்லிகிட்டிருந்தான். தொண்ணூத்தி நாலாம் வருஷம், ஆனி மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். கொல்லை காஞ்சு கெடந்துச்சு. வழுக்கறதுக்கு அங்க ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல.

நம்ம கொளஞ்சியப்பர் சாமிய நம்பி வர்ற உங்க எல்லார்கிட்டயும் இத ஒரு நாள் சொல்லணும்னு நெனச்சுகிட்டே இருந்தேன். அவர் எனக்குப் பண்ணத மட்டும் சொல்லிட்டு, நான் பண்ணத விட்டுட்டா அது பொய்யாயிடும். அதனால ரெண்டையும் சொல்றேன்.

என் பேரு விஜயா. விருத்தாசலத்துல நகராட்சி சுகாதாரப் பிரிவுல நர்ஸா இருந்தேன். அதுக்கு முந்தின வருஷம் எங்க டாக்டரம்மா ஒரு புது வேலைய ஆரம்பிச்சாங்க. ஊருல யார் யாருக்கு எதனால அடிபடுது, அத வராமலே எப்படித் தடுக்கறதுன்னு பாக்குற வேலை. பீங்கான் கம்பெனி பிரஸ்ஸுல விரல் மாட்டினவங்க, சூளையில சுட்டுக்கிட்டவங்க, ஸ்டவ்வு பத்தி வெந்தவங்க, குடிச்சிட்டு வர்ற புருஷன்கிட்ட ஒதை வாங்கினவங்க, எல்லாருமே இதுல சேத்தி. "காய்ச்சலத் தடுக்குற மாதிரி இதையும் தடுக்கலாம் விஜயா"ன்னு சொல்லி, என்னத் தலைமையா வச்சு, என் கூட மூணு பொண்ணுங்களப் போட்டாங்க.

கம்பெனி கம்பெனியாப் போயி மிஷினுக்கு மறைப்பு போட வச்சோம். தெருத் தெருவாப் போயி ஸ்டவ்வ எங்க வைக்கணும், எப்படிப் பத்த வைக்கணும்னு காட்டினோம். அதோட, வூட்டுல ஆம்பளைங்க இல்லாத நேரமாப் பாத்து பொம்பளைங்களத் தனியா உக்கார வச்சு ஒரு கேள்வி கேப்போம். இந்த வூட்டுல உங்களுக்கு யார்கிட்டயாவது பயமா இருக்குதா? அவ்வளவுதான். அத எப்படிக் கேக்கணும்னு அந்தப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். கொரல் ஒசரக் கூடாது. அவங்க பேசாம இருந்தா அவசரப்படுத்தக் கூடாது. என்ன ஆனாலும் பேச்ச மாத்தக் கூடாது.

செல்வம் என் கூடப் பொறந்தவன். அம்மா போனப்போ அவன் சின்னப் புள்ளை. நான்தான் சோறு ஊட்டி வளத்தேன். அவனுக்காகத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கலன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. அதுல பாதி உண்மை. பீங்கான் சூளையில அடுக்குற வேலைக்குப் போனான். அவனுக்கு ஸ்ரீமுஷ்ணத்துல பொண்ணு பாத்து முடிச்சு வச்சதும் நான்தான். இருந்த வூட்ட நடுவுல செவரு வச்சுப் பிரிச்சு, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவனும் மல்லிகாவும் அவங்க கைக்கொழந்தை கலாவும்.

செவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்கும். நான் ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். சித்திரை வெயில்ல மல்லிகா முழங்கை மூடுற ரவிக்கை போட்டுகிட்டு கொழம்பு எடுத்துகிட்டு வருவா. நான் கையப் பாப்பேன். பாத்துட்டு, உப்பு கம்மியா இருக்குதுன்னு சொல்லுவேன்.

ஒரு நாள் காலையில நான் ஆபீசுக்குக் கெளம்பறப்போ வாசல்ல வந்து நின்னா.

"அண்ணி, உங்க ஆபீசுக்கு நானும் ஒரு நாள் வரட்டுமா?"

எதுக்குன்னு நான் கேக்கல. கேக்காமலே எனக்குத் தெரியும். "நம்ம வூட்டு விஷயத்த ஆபீசு வரைக்கும் கொண்டாராத மல்லிகா, நான் அவன்கிட்ட பேசறேன்"ன்னு சொன்னேன். சரிங்கண்ணின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஊரு பூரா நான் கேட்ட கேள்விக்கு என் வூட்டுலயே ஒருத்தி பதில் சொல்ல வந்தா. நான் பேச்ச மாத்திட்டேன்.

அவன்கிட்ட பேசினேன். தலையக் குனிஞ்சு கேட்டுகிட்டான். இனிமே கை வைக்க மாட்டேன்னு சொன்னான். எனக்கு அது போதுமா இருந்துச்சு. அன்னிக்கு அவனுக்குப் புடிக்குமேன்னு மீன் கொழம்பு வச்சுப் போட்டேன். அடுத்த மாசம்தான் அந்த ஞாயித்துக்கெழமை.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டாரு. வழுக்கி விழுந்துட்டான்னு தம்பி சொன்னான். டாக்டர் என்னப் பாத்தாரு. இந்த வேலையால அவருக்கு என்ன நல்லாத் தெரியும். நான் சொன்னா நம்புவாரு. நான் வாயத் தொறக்கல. ஆமான்னு தலைய மட்டும் ஆட்டினேன். அப்படியே எழுதி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சாரு.

அங்க தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, உள்ள ரத்தம் கட்டியிருக்குது, ஆபரேஷன் பண்றோம், ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சும் அவ கண்ணு தொறக்கல. நாளு போயிகிட்டே இருந்துச்சு. ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து அவங்க அம்மா வந்தாங்க. என் கையப் புடிச்சுகிட்டு, "நீங்க இருக்கற தைரியத்துலதான் பொண்ணக் குடுத்தேன், நீங்க பாத்துக்குவீங்க"ன்னு சொன்னாங்க. அவங்க குத்தமா சொல்லல. நம்பித்தான் சொன்னாங்க. அந்தக் கைய உதறவும் முடியல, புடிச்சுக்கவும் முடியல. எனக்குச் செத்துப் போயிடலாம் போல இருந்துச்சு.

மறுநாள் பஸ்ஸப் புடிச்சு ஊருக்கு வந்து, வூட்டுக்குப் போகாம நேரா மணவாளநல்லூருக்கு, கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். நம்ம கோயில்ல பிராது கட்டுறது உங்களுக்குத் தெரியும். நமக்கு அநியாயம் நடந்தா, யார் பண்ணாங்கன்னு சாமிக்கு மனு எழுதி, அங்கயே இருக்கற காவல் சாமி முனியப்பர் சன்னதியில கட்டிட்டு வருவோம். அங்க மனு எழுதித் தர்றவரு யார் மேல பிராதுன்னு கேட்டாரு. தம்பி பேரச் சொன்னேன். கொஞ்சி வளத்த வாயாலதான அவன் பேர அங்க சொல்றேன்.

அவர் எழுதி முடிச்சு நிமிந்தப்போ, "என் பேரயும் சேத்து எழுதுங்க"ன்னு சொன்னேன்.

அவருக்குப் புரியல. மனு குடுக்குறவங்க பேரு மேல எழுதியாச்சேம்மான்னாரு. மேல இல்ல, கீழ, தம்பி பேருக்குப் பக்கத்துல எழுதுங்கன்னேன். அப்படியே எழுதினாரு.

சன்னதியில நின்னு ரெண்டே ரெண்டு கேட்டேன். அவ கண்ணு தொறக்கணும். தொறந்ததும் அவ பொய் சொல்ற நெலைமை வரக் கூடாது, அதுக்கு முன்னாடி என் வாயத் தொறந்து வை சாமி. வேற எதுவும் கேக்கத் தோணல. தம்பியக் காப்பாத்துன்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துச்சு. கேக்கல. கேக்காம வந்ததுக்கும் பஸ்ஸுல அழுதேன்.

பாண்டிச்சேரிக்குத் திரும்பினப்போ வார்டு வாசல்ல ஒரு ஏட்டு நின்னுகிட்டிருந்தாரு. தலைக் காயம்னா விசாரிக்கறது வழக்கம். வழுக்கி விழுந்ததா எழுதியிருக்குது, அதான நடந்துச்சுன்னு சும்மா பேருக்குத்தான் கேட்டாரு. ஆமான்னு சொன்னா போயிருப்பாரு. பக்கத்துல தம்பி நின்னுகிட்டிருந்தான். என் வாய் தொறந்துகிச்சு. "இல்லைங்க. என் தம்பி புடிச்சுத் தள்ளினான். இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்கான். எனக்குத் தெரியும். டவுன் ஆஸ்பத்திரியில நான் மறைச்சிட்டேன்." அந்தக் கொரலு என்னுதான்னு எனக்கே தெரியல. சாமி குடுத்ததுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நம்பறேன்.

செல்வம் ஓடல. சத்தம் போடல. அவனக் கூட்டிகிட்டுப் போறப்போ திரும்பிப் பாத்து, "நீயாக்கா?"ன்னு மட்டும் கேட்டான்.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழமை மல்லிகா கண்ணு தொறந்தா. நான் ஒதட்டுல தண்ணி தொட்டு வச்சுகிட்டிருந்தேன். அவ என்ன அடையாளம் கண்டுகிட்டு, பயந்து பயந்து, "அண்ணி, நான் வழுக்கி விழுந்துட்டேன்"னு சொன்னா. அந்த நெலையிலயும் எனக்காகத்தான் சொன்னா. "நீ விழல மல்லிகா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நீ எதுவும் சொல்ல வேண்டியதில்ல"ன்னேன். கண்ண மூடிகிட்டா. கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சுது. உசுரு திரும்பி வந்துட்டுதுன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

ஒரு பக்கக் காது அவளுக்குக் கேக்காமப் போயிட்டுது. மத்தபடி நல்லா இருக்கா. அம்மா வூட்டுக்குப் போயிடுவான்னு நெனச்சேன். போகல. கலாவத் தூக்கிகிட்டு செவருக்கு இந்தப் பக்கம் என் கூடவே வந்துட்டா. பொம்மைக்குப் பெயின்ட்டு அடிக்குற கம்பெனிக்கு வேலைக்குப் போறா. கேட்டது நடந்துட்டுதுன்னா பிராத வாபஸ் வாங்கணும்ல, அதுக்கு என் கூட அவளும் வந்தா. சாமி கும்பிட்டு வெளிய வந்து, "சாமி உங்கள மன்னிச்சிருப்பாரு அண்ணி. எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்"னு சொன்னா. அவ அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாத்தான் இருந்துச்சு. சும்மா வாய்க்கு வந்தத அவ சொல்லலையே.

டாக்டரம்மாகிட்ட போயி, இந்த வேலைக்குத் தலைமையா இருக்க எனக்குத் தகுதியில்லம்மான்னு சொன்னேன். அவங்க, என்கிட்ட சொன்னத அந்த மூணு பொண்ணுங்ககிட்டயும் போயிச் சொல்லு, அதுக்கு மேலயும் வேலைய விடணும்னா விடுன்னாங்க. சொன்னேன். சொல்லி முடிச்சதும் அதுல ஒரு பொண்ணு, எங்க அக்கா வூட்டுலயும் இப்படித்தாங்கன்னு மொகத்த மூடிகிட்டா. அன்னிக்கே அவ அக்காவப் பாக்கப் போனோம். அதுல இருந்து எங்க வேலை வேற மாதிரி ஆச்சு. புருஷனுக்குப் புத்தி சொல்லிட்டு அடி வாங்கினவளத் திருப்பி அனுப்பறத நிறுத்தினோம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருந்த ஒரு ரூமுல உள்பக்கம் தாப்பா வச்சு, வர்றவங்க தங்கறதுக்குன்னு ஒதுக்கினோம்.

செல்வம் தண்டனை முடிஞ்சு வந்து, பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டுற வேலைக்குப் போயிட்டான். குடிய விட்டுட்டான்னு சொல்றாங்க. தீவாளிக்கு கலாவுக்குத் துணி குடுத்து அனுப்புவான். என்கிட்ட பேச மாட்டான். பாரம் கொறைஞ்சுதான்னு கேட்டா, இல்ல. மல்லிகா அந்தக் கேக்காத காதுப் பக்கம் நான் கூப்பிட்டுத் திரும்பாம இருக்கறப்போல்லாம் நெஞ்சுல குத்தும். குத்தட்டும். இப்போ கோயிலுக்குப் போனா தம்பிக்காகவும் சேத்துத்தான் கேக்கறேன். அது நடக்கறப்போ நடக்கட்டும்.

சுத்தமான மனசோடதான் சாமிகிட்ட போகணும்னு நெனச்சுகிட்டு யாராவது போகாம இருந்தீங்கன்னா, அப்படி இருக்காதீங்க. நான் தப்போடதான் போனேன், பயத்தோடதான் நின்னேன். நீங்களும் அப்படியே போங்க. அவர் காது குடுத்துக் கேப்பாரு. கேட்டுட்டு, செய்ய வேண்டிய எடத்துக்கு உங்களத்தான் அனுப்புவாரு. அப்போ நின்னுடாம போங்க.