மீன்கடை ஐஸ்

காலை பத்தே காலுக்கு எங்கள் மைசூர் குடியிருப்பில் மின்சாரம் போனது. சாயங்காலம்தான் வரும் என்றார்கள். ஃபிரிட்ஜில் என் மகள் வைத்துவிட்டுப் போன பாட்டில்கள் இருந்தன. குந்தாபுரத்தில் ஆறு கடலில் கலக்கும் இடத்துத் தண்ணீர். மழை வெள்ளம் உப்பைத் தள்ளும்போது அங்குள்ள பாக்டீரியாக் கூட்டமே மாறிவிடுமாம். அதைத்தான் மாதாமாதம் ஆராய்கிறாள். லேபுக்குப் போகுமுன் குளிர் விட்டால் பாக்டீரியா பாட்டிலுக்குள்ளேயே பெருகி, எல்லாம் பாழ். இந்த வெள்ளம் இனி அடுத்த வருடம்தான்.

கீழே யாரோ வீட்டு விசேஷப் பந்திக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இணைப்பு கேட்டேன்.

“ஏனு சார், சாக்கடைத் தண்ணிக்கெல்லாம் ஜெனரேட்டரா?” என்று கன்னடம் கலந்து கேட்டார், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த குடியிருப்புச் செயலாளர். பந்தியே சிரித்தது.

என் பெண்ணின் ஒரு வருட உழைப்பு அவர்களுக்குச் சிரிப்பு.

முட்டைகூட நுழையாத வீட்டுக்காரன் நான். முதல்முறையாக மீன்கடைக்குப் போய், ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்து, மூடி இறுகிய பாட்டில்களை அதில் புதைத்தேன். சட்டையெல்லாம் மீன் தண்ணீர். அந்த நாற்றத்தைவிடக் கோபம்தான் குமட்டியது.

மத்தியானம் மகள் வந்து தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். “தப்பிச்சுதுப்பா.”

நடந்ததைச் சொல்லிவிட்டுக் குளிக்கக் கிளம்பினேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குளிக்காதேப்பா. இப்படியே கீழ போலாம் வா. பந்தியில எல்லாரும் நன்னா மோந்து பாக்கட்டும்.”