முரசுமோட்டைச் சாம்பலின் அளவு

ஓர் எரிமலை வெடிப்பு எவ்வளவு பெரியது என்று சொல்ல, அதை நேரில் பார்த்திருக்கத் தேவையில்லை. எல்லாம் ஆறிய பிறகு போய், பல இடங்களில் குழி தோண்டி, படிந்த சாம்பலின் தடிப்பை அளந்தால் போதும். ஒரே தடிப்புள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால் வளையங்கள் கிடைக்கும். வளையங்களிலிருந்து கன அளவு, கன அளவிலிருந்து பூச்சியம் முதல் எட்டு வரையான ஒரு தரம். இரண்டுக்கு மேலே ஒவ்வொரு படியும் முந்தியதைப் போலப் பத்து மடங்கு.

இதை நான் தொண்ணூறுகளின் முதற்பாதியில், முரசுமோட்டையில் இருந்து தபால்வழிப் பாடநெறி ஒன்றில் படித்தேன். வரைஞர் பயிற்சி முடித்து, கிளிநொச்சியில் குளங்களின் வரைபடங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த காலம். போரால் வடக்கே ஆனையிறவுப் பாதை பூட்டு. கிழக்கும் மேற்கும் காடு, அதற்கப்பால் போகமுடியாத கடல். தெற்கே வவுனியாப் பாதை, அதால் வெளியே போகப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். கலியாணமாகாத பெண்ணுக்குப் பாஸ் கிடைக்க நான் அறிந்து மூன்று காரணங்கள்தான் இருந்தன: ஆஸ்பத்திரிக்குப் போகுமளவு பெரிய வருத்தம், செத்தவீடு, கொழும்பிலிருந்து பெயர் போட்டு வரும் அழைப்புக் கடிதம்.

செய்முறைப் பயிற்சியில் எழுபது புள்ளி எடுப்பவர்கள் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அழைக்கப்படுவார்கள் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மற்றப் பக்கங்களைவிட அது அதிகம் கசங்கியிருந்தது.

ஏதாவது ஒரு படிவை அளந்து படம் வரையவேண்டும், அதுதான் செய்முறை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உமி எரித்து நெல் அவிக்கும் மில் இருந்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அதன் சாம்பல் வடகிழக்காகப் பறந்து, வெறும் வளவில் படியும். இரும்பு அடிமட்டத்தோடு நான் குந்தியிருந்து குழி தோண்டுவதை மில்லில் வேலைசெய்த பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள்.

"தங்கச்சி, என்ன துலைச்சுப் போட்டீங்கள்?"

"ஒண்டுமில்லை அக்கா, சாம்பல் அளக்கிறன்."

"எங்களைக் கேட்டிருந்தா மூட்டையிலயே அளந்து தந்திருப்பமே!"

நாற்பத்தொரு குழிகள். மொத்தம் அறுபத்திரண்டு கன மீட்டர். பத்தாயிரத்துக்குக் கீழே எல்லாம் பூச்சியம் என்பதால் எங்கள் மில்லின் தரமும் பூச்சியம். படத்தை மையால் வரைந்தேன். மில், கிணறு, பாதை, அளவுத்திட்டம், வடக்குக் குறி, ஒன்றையும் விடவில்லை. அதுவரை நான் வரைந்தவற்றில் அதுதான் சுத்தமானது.

உபதபாலகத்துக்குப் பொறுப்பான பெண்மணி உறையைப் பிரித்துப் பார்த்தா.

"பிள்ளை, இதென்ன?"

"சாம்பல் படம், அன்ரி."

"வடக்கு எங்கயெண்டு அம்புக்குறி வேற! வந்து குண்டு போடுறவைக்கு வழி காட்டவோ? இங்க பிடிச்சா உன்னைக் கேப்பினம், அங்கால ஆமி பிடிச்சா என்ர முத்திரையைப் பார்த்து என்னைக் கேப்பினம்."

"அப்ப இலக்கங்களை மட்டும் எழுதித் தாறன்."

"ஐயோ, அது இன்னும் மோசம். படமெண்டாலும் பார்த்தா விளங்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவா சொன்னது சரி. திரும்பி நடக்கும்போது என்னிடம் இருந்த வழிகளை எண்ணினேன். இரண்டு முறை எண்ணியும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக் கொடியில் அம்மாவின் தலையணை உறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

புதுத் தலையணை உறை ஒன்றில் படத்தின் வளையங்களைத் தைத்தேன். ஒரு தையல் ஒரு மீட்டர். வெளியே நீல நூல், உள்ளே பச்சை, நடுவில் சிவப்பு. உறையின் வாய்ப்பக்கம் வடக்கு. நூலின் நிறங்களையும் அவை குறிக்கும் சாம்பல் தடிப்பையும் தையல் குறிப்புப் போல ஒரு துண்டில் எழுதினேன். இரண்டு கிழமை பிடித்தது.

"இதை ஆரும் தலைக்கு வைச்சுப் படுப்பினமோ? ஒரு பூவும் இல்லை," என்றார் அம்மா. ஓரம் மடித்துத் தைத்துப் பொதி கட்டும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் கந்தோருக்கு வேலைக்குப் போனேன்.

தபாலகத்தில் பொதியைப் பிரித்தபோதுதான் கண்டேன். தென்மேற்கு மூலையில், சாம்பலே விழாத இடத்தில், மஞ்சளில் ஒரு பெரிய சூரியகாந்தி.

தபாலகப் பெண்மணி உறையை விரித்து, வளையங்களை விரலால் ஒருமுறை சுற்றினா. குறிப்பையும் வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"இது படமில்லைத்தானே?"

"தலையணை உறை, அன்ரி."

"ஓம். இந்தப் பூ இருக்கிறபடியால் தெரியுது."

அவாவின் கை முத்திரையில் இருந்தது. பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். கத்தரிக்கோல் கேட்டு அந்தப் பூவைப் பிரிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பிரித்தால் அது திரும்பவும் படம் ஆகிவிடும். நான் தபால் காசை எடுத்து மேசையில் வைத்தேன். முத்திரை விழுந்தது.

பதில் வர ஐந்து மாதம் எடுத்தது. கன அளவு சரி. தரம் சரி. சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "தென்மேற்கில் காட்டப்பட்டுள்ள சாம்பல் கக்கும் இரண்டாவது வாய் பற்றி விளக்கம் இல்லை. ஐந்து புள்ளி குறைக்கப்பட்டது." மொத்தம் அறுபத்தெட்டு.

அம்மா குசினி வாசலில், சமைத்த கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மில் புகைந்துகொண்டிருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகளில் சாம்பல் விழத் தொடங்கியிருந்தது.

"என்னவாம் பிள்ளை?"

"பூவைப் பற்றி எழுதியிருக்கினம், அம்மா."

"நான் சொன்னனான்தானே," என்றார் அம்மா. நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, உடுப்புகளை எடுக்கப் போனேன்.