கொட்டகையில் இரண்டாம் பாகம்

நல்லூரில் இன்று கட்டட மணலில் தண்ணீர் தெளித்தார்கள். அந்த வாசனையில், இப்போது பனியன் கம்பெனி நிற்கும் இடத்தில் அன்றிருந்த டூரிங் டாக்கீசும், பெண்கள் பக்கத்து ஈர மணலும், என்னை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்த சரசு சித்தியும் என எல்லாமே நினைவுக்கு வந்தன.

அன்று குங்ஃபூ படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் கை முறிபட்ட குரு, திரையில் எதிரிகளின் எலும்பை நொறுக்கிக்கொண்டிருந்தார். சித்தியைத் தினமும் அடிக்கும் சித்தப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார்.

“எந்திரிடி, ஊட்டுக்கு நட!”

சித்தி பக்கத்தில் கிடந்த சோடா பாட்டிலை எடுத்து அவர் நெற்றியில் ஓங்கி அடித்தாள். ரத்தம் என் பாவாடையில் தெறித்தது. அவர் மணலில் சாய்ந்தார். கூட்டம் குருவுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தது.

மரியாதை குறையாமல் சித்தி அவரிடம் சொன்னாள்:

“இனி அந்த ஊட்டுக்கு நான் வரமாட்டனுங்க.”