கல்லாற்றுக்குப் புறப்பட்ட வண்டி

என் அக்கா மோட்டார் சைக்கிளில் ஏறியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. பின்னால் இருக்கை என்று ஒன்று கிடையாது. சாமான் வைக்கிற இரும்புக் கம்பிகளின் மேல் சாக்கை நாலாக மடித்துக் கட்டியிருந்தேன். அடுப்படியில் உடுத்தியிருந்த சேலையோடேயே அதில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டாள். பழவங்காடி முக்கில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தெருவில் இறங்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்துகிற அக்காவுக்கு அன்றைக்கு அந்த நினைப்பே இல்லை. கல்லாற்றில் அத்தான் காய்ச்சலில் கிடந்தார். உயிர் இருக்கும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு.

போன ஐப்பசியில் அக்காவும் போய்விட்டாள். இனி இதைப் படித்து வருத்தப்பட யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அத்தான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைத் தள்ளிவிட்ட சமயத்தில் அந்த வண்டியை வாங்கினார். ஆனை மாதிரி கனம். பச்சைச் சாயத்துக்கு மேல் கறுப்பு அடித்திருந்தார்கள், கறுப்பு பொரிந்த இடத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். ஒன்றரை வருஷம் ராஜா மாதிரி அதில் போய்வந்தார். பிறகு ஒரு மழைநாளில் பேரூர்க்கடை இறக்கத்தில் சறுக்கி விழுந்து, தோள்பட்டை இறங்கி, ஒரு மாசம் படுத்துவிட்டார். எழுந்ததும் அக்கா சொல்லிவிட்டாள். "இனி அதிலே ஏறினா நான் எங்க வீட்டைப் பாத்துப் போயிருவேன், கேட்டேளா? எனக்குப் பிள்ளையா குட்டியா? நீங்க ஒரு ஆளுதான்." நாகர்கோவில் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் அப்போது யாருமே இல்லை, அப்பாவும் அம்மாவும் போய், நானே அவள் வீட்டில்தான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அத்தான் சிரித்தார். ஆனால் ஏறவில்லை. வண்டியை வீட்டோடு ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, வேலையிடத்துக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது. விறகும் தேங்காய் மட்டையும் அதன் மேல் ஏறின. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு மரியாதை, சரஸ்வதி பூஜைக்கு. அம்மி, அரிவாள்மனை, என் பேனா, அத்தானின் அளவு நாடா எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற அக்கா, வண்டிக்கும் வைப்பாள். எங்கே வைப்பது? பெட்ரோல் டாங்கின் நடுவில் வட்டமாக ஒரு மூடி இருந்தது. அவள் கண்ணுக்கு அதுதான் நெற்றி. சந்தனத்தைக் கட்டியாக அரைத்து அதில் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். அத்தான் வேலை மாற்றலாகிக் கல்லாற்று மலைக்குப் போன பிறகு இது வெள்ளிக்கிழமைதோறும் என்று ஆயிற்று. ஆள் கண்ணில் படாதபோது அவர் வண்டிக்காவது வைப்போம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் கேட்டதில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில மாதங்கள் இருக்கும், எனக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை நிரந்தரமாயிற்று. இருபத்து மூன்று வயது. அந்த வயதில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தால் எவன் சும்மா இருப்பான்? விடுப்பில் வந்திருந்த அத்தானிடம் கேட்டேன். "ஓடவச்சா நீயே எடுத்துக்கோடே. உங்க அக்காகிட்டே நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே" என்றார். அக்கா முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு, "அது எங்கே ஓடப் போகுது, பய கொஞ்ச நாள் கரியப் பூசிட்டு விட்டிருவான்" என்று விட்டுவிட்டாள்.

எனக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அத்தானிடம் பட்டாளத்துக் கைப்புத்தகம் ஒன்று இருந்தது, பாதிப் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. மீதியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு முழுக்க உதைத்து உதைத்துக் கால்தான் போயிற்று. பழைய பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. திறந்துவிட்டால் வார்னிஷ் நாற்றம் அடித்தது. டாங்குக்குக் கீழே இருந்த குழாயின் வலையில் துரு அடைத்திருந்தது. புகைக்குழாய்க்குள் குளவி மண்ணால் வீடு கட்டியிருந்தது, அதைக் கம்பியால் குத்தி உடைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, ஊசி நுனி அளவு ஓட்டையை அக்காவின் தலைமுடி இழை விட்டுச் சுத்தம் செய்தேன். பிளக்கைக் கழற்றி என்ஜின் தலைமேல் சாய்த்துவைத்து உதைத்தால் பொறி தெரிய வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பொறியைத் தருகிற மாக்னெட்டோவின் மூடியைத் திறந்து, உள்ளே இரண்டு முனைகள் தொட்டுப் பிரிகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்த பிறகு, நீலமாக ஒரு சின்னப் பொறி வந்தது. அட, அதைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

ஆனாலும் கிளம்பவில்லை. பொறி விழும் நேரத்தை முன்பின் தள்ள இடது கைப்பிடியில் ஒரு நெம்புகோல் உண்டு, அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்ததில் நாலு நாள் நொண்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அக்கா மஞ்சளும் உப்பும் வைத்துக் கட்டிக்கொண்டே ஏசினாள். ஏச்சு என்றால் அவள் ஏச்சு. வாயில் வந்தபடி வரும், அரை நாழிகை ஓயாது, ஓய்ந்த பிறகு "வா, திங்க வா" என்பாள். அத்தான் விழுந்தபோதும் அப்படித்தான் ஏசினாள்.

ஆறாவது ஞாயிறு வண்டி கிளம்பிற்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். தம்பானூர் வரை போவேன், திரும்புவேன். நூறு தடவை மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வண்டி எனக்கு வசப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கல்லாற்றிலிருந்து லாரியில் வந்த டிரைவர் வாசலில் நின்றார். ஓவர்சியருக்கு மலைக்காய்ச்சல், நாலு நாளாகிறது, நேற்று முதல் மோசம், டாக்டர் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்கிறார், வீட்டு ஆள் உடனே வர வேண்டும் என்றார். அவர் லாரி கொல்லம் பக்கம் போகிறது. காலைப் பஸ் போய்விட்டது, அடுத்தது பகல் பன்னிரண்டரைக்கு. நான்தான் சொன்னேன். "பஸ்ஸெல்லாம் வேண்டாம்க்கா. நம்ம வண்டி இருக்கு. ரெண்டு மணிக்கூறிலே கொண்டுபோய் விடறேன்."

பெட்ரோலைக் கழுத்து வரை ஊற்றிக்கொண்டு வந்தேன். அக்கா உள்ளே ஓடினாள், ஒரு உருண்டை சந்தனத்தோடு வந்தாள். மூடியின் மேல் பழைய சந்தனம் ஏடு ஏடாகக் காய்ந்திருந்தது. அதன் மேலேயே அப்பினாள். "பிள்ளையாரே, இவனையும் இதையும் நேரே கொண்டு சேர்த்திரும்" என்று கைகூப்பிவிட்டு ஏறினாள். மணி பதினொன்று.

பேரூர்க்கடை தாண்டியதும் வண்டி இருமி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடினேன். பெட்ரோல் இருக்கிறது என்றால் பிளக்தான் என்று முடிவு கட்டி, கொதிக்கிற பிளக் ஆறும்வரை காத்திருந்து கழற்றி, துடைத்து, மாட்டி உதைத்தேன். உடனே கிளம்பிற்று. பார்த்தாயா என்றேன். நெடுமங்காட்டுக்கு முன் மறுபடி நின்றது. மறுபடி மூடி, பெட்ரோல், பிளக். மறுபடி உடனே கிளம்பிற்று. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல். என் வைத்தியம் பலிக்கிறது என்று எனக்கு ஒரு கெட்டிப் பெருமை வேறு.

நெடுமங்காடு தாண்டி மூன்றாம் தடவை நின்றபோது, பிளக் என் கையில் இருந்தது. பின்னால் பன்னிரண்டரைப் பஸ் வந்தது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக்கினார். அக்கா கேட்டாள். "இதிலே ஏறிருவோமாடே?" நான் பஸ்ஸுக்குக் கையை ஆட்டி, போகலாம் என்று காட்டினேன். "ரெண்டு நிமிஷம்க்கா. இப்பொ ஓடும்." பஸ் போயிற்று. அது வளைவில் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நிமிஷத்தை இத்தனை வருஷமாக நான் நினைக்காத நாள் இல்லை.

இன்னும் இரண்டு இடத்தில் நின்றோம். கல்லாற்றில் வேலைக் கொட்டகையின் முன் போய் இறங்கியபோது மணி நாலே கால். ஆட்கள் வெளியே நின்றுகொண்டிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அத்தான் மூன்றரைக்குப் போய்விட்டார். பஸ் மூன்று மணிக்கு வந்ததாம். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "ஓர்மை தெளிஞ்சுதான் இருந்தாரு. பஸ்ஸுச் சத்தம் கேட்டதும், அவ வந்தாச்சான்னு கேட்டாரு" என்றார். அந்தப் பாவி அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா உள்ளே போனாள். அழுகைச் சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை, ஆற்றுச் சத்தம்தான் கேட்டது.

பதினாறாம் நாள் வரை அக்கா அழவில்லை, ஏசவுமில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் ஏசாத அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. கல்லாற்றில் விட்டுவந்த வண்டியை யாரோ லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதைச் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஓட்ட வேண்டும் என்றல்ல, ஏன் நின்றது என்று தெரிய வேண்டும்.

அவர் கேட்டதெல்லாம், நின்றபோது நான் என்னென்ன செய்தேன் என்பதுதான். சொன்னேன். எழுந்து போய் மூடியைத் திருகிக் கையில் எடுத்தார். ஆணியால் சந்தனத்தைச் சுரண்டினார். ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. கீழே கடுகளவு ஒரு ஓட்டை.

"கண்டோ சாரே? காற்று போகான் உள்ள துவாரம். எண்ணெய் டின்னிலே ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெய் இறங்குமா? டாங்கு நிறைச்சு ஊத்தியிருக்கு, மேலே சந்தனமும் தேச்சிருக்கு. பெட்ரோல் எங்ஙனே இறங்கும்? சாரு மூடி திறக்கும்போ காற்று ஏறும், வண்டி ஓடும். பிளக்குக்கு ஒரு கேடும் இல்லா."

பிளக்கைத் தொடாமல், மூடியைத் திறந்து மூடியதோடு உதைத்திருந்தால் போதும், அரை நிமிஷ வேலை. ஒரு மணிக்கெல்லாம் கல்லாற்றில் இருந்திருப்போம்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். தப்பு என்னுடையதில்லை! அக்கா வைத்த சந்தனம்! அதைச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சீ என்று இருக்கிறது இன்றைக்கு.

அக்கா முற்றத்தில் நின்றிருந்தாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்த்துப் பழகாத நாட்கள் அவை. நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே கேட்டாள்.

"என்ன கேடுன்னு சொன்னான்?"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு வருஷம் வண்டியச் சங்கிலியிலே கெட்டிப்போட வச்சேன் இல்லியா, அதனாலேயாடே? உங்க அத்தான் ஓட்டியிருந்தா அது கெட்டிருக்காது இல்லியா? அவ்வோ அதிலே ஏறக்கூடாதுன்னு நான்தானே மல்லுக்கு நின்னேன். அதுதான் அவ்வோ மொகத்தப் பாக்க விடாம ஆக்கிச்சா? சொல்லுடே. பதினாறு நாளா இது ஒண்ணுதான் எனக்குள்ளே ஓடுது."

சேர்த்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்றோ. "இல்லக்கா" என்றேன். "கெட்டிப்போட்டதாலே ஒண்ணுமே இல்லே. பிளக்கை நான் சரியாத் துடைக்கல்லே. பழக்கம் இல்லாத கை. அவன் பாத்த உடனே சொல்லிட்டான்."

"அப்பொ உன் தப்புதானா?"

"என் தப்புதான்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா. பஸ்ஸையும் நான்தானே விட்டேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "உன் தப்புன்னா பரவால்லடே. உன்னை நான் ஏசித் தீத்துக்கிடுவேன். என் தப்புன்னா, என்னை ஏசறதுக்கு இனி யாரு இருக்கா?"

பிறகு ஏசினாள். ஒரு வண்டியை நேரே ஓட்டத் தெரியாதவன் என்றாள், பெருமைக்காரப் பயல் என்றாள், வந்த பஸ்ஸைக் கையாட்டி விட்ட பாதகன் என்றாள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஏசினாள். நான் கீழே முற்றத்து மண்ணில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.