இரவல் அப்பா

பல்லுக்காரி என்றால்தான் தெருவில் அவளைத் தெரியும். பல் எடுப்பெல்லாம் கிடையாது. பல் செட் செய்கிற கூடத்தில் வேலை, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மெழுகு ஈறில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் தாடையும் கீழ்த் தாடையும் சண்டை போடாமல் மூடுகிறதா என்று பார்ப்பாள். நாள் முழுக்க வாய்களோடுதான் பிழைப்பு. பேசாத வாய்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரே மகள். இவளுக்குப் பால்பல் விழுகிற வயதில், பல்பு வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் தகப்பன். பல்பும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மாவின் தம்பிதான், இவளுக்குத் தாய்மாமா, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு அக்காவையும் மருமகளையும் தாங்கினார்.

வெளிநாட்டுப் பல் கூடம் ஒன்று இவள் கைவேலையைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டது. ஆங்கிலப் பரீட்சையில் கேட்ட மார்க் எடுக்க வேண்டும். வருஷக் கடைசி வரைதான் காத்திருப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். படிப்பது, எழுதுவது, காதால் கேட்பது எல்லாம் தேறிவிட்டது. பேசுவது மட்டும் இரண்டு தடவையும் காலை வாரியது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் நாள் இருந்தது.

மருந்துக்கடை மாடியில் டை மாஸ்டரின் பயிற்சி வகுப்பு. எந்த வெயிலுக்கும் டையை அவிழ்க்காத மனுஷர். அவரிடம் ஒரே மந்திரம்தான். பேச்சுப் பரீட்சையில் எந்தத் தலைப்பு எழுதிய அட்டை வந்தாலும் அதை அப்பாவோடு கடற்கரைக்குப் போன கதைக்கு இழுத்துவந்து கட்டிவிட வேண்டும். பிடித்த இடமா? அப்பா கூட்டிப்போன கடற்கரை. பிடித்த பரிசா? கடற்கரையில் அப்பா கொடுத்த பேனா. மறக்க முடியாத ஆளா? சாட்சாத் அந்த அப்பாவேதான். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே அப்பா!

இவளும் நெட்டுருப் போட்டாள். ஆனால் பரீட்சை அறையில், "என் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு" என்ற இடம் வந்தால் போதும், நாக்கு கல்லாகிவிடும். இரண்டு தடவையும் சறுக்கியது அதே இடத்தில்தான்.

"மாஸ்டர், வேற ஏதாவது சொல்லிக்கிறேனே."

"ஏம்மா? அந்த அப்பா உன்னை என்ன பண்ணாரு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அவரு ஒண்ணும் பண்ணலை. அவரு எனக்கு வேண்டாம்."

"சொந்தமாப் பேசறேன்னு போனவங்க எல்லாம் திரும்பி இங்கதான் வந்து நிக்கிறாங்க. இஷ்டமில்லன்னா நாளைலேர்ந்து வராத."

"சரி, வரலை" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீட்டில் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷம் பொய் சொல்லிட்டு வந்தா என்னடி? அந்த ஆளு என்ன கேக்கவா போறான்?"

"எனக்குக் கேக்கும் மாமா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது நீங்க. பேரு மட்டும் அந்த ஆளுக்கா? தமிழ்ல கிடைக்காத பேரை இங்கிலீஷ்ல வாங்கிட்டுப் போகட்டும்னு விடச் சொல்றீங்களா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அவ சொல்றது சரிதாண்டா" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து வேலை மேஜையில் வரிசையாக இருந்த பல் செட்டுகளிடம் ஆங்கிலம் பேசிப் பழகினாள். குறுக்கே பேசாத கூட்டம் அல்லவா!

பரீட்சைக் கூடத்து வராந்தாவில் டை மாஸ்டரின் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கடற்கரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இவளை உள்ளே கூப்பிட்டார்கள். பரீட்சை வைக்கிற அம்மாள் கொட்டாவியை மென்று முழுங்கிக்கொண்டே அட்டையை நீட்டினாள். சின்ன வயதில் உங்கள் வாழ்க்கையை மாற்றிய ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்.

"என் அப்பா" என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் முகம் தொங்கிப்போயிற்று.

"என் அப்பா பல்பு வாங்கப் போனார். இன்னும் திரும்பவில்லை."

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவள் விடவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்ததை, மறுநாள் மாமா பல்பு வாங்கி வந்து நாற்காலி மேல் ஏறி மாட்டியதைச் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் சுற்றிவளைத்துப் போனாள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது, பேச்சு நிற்கவில்லை.

"அவர் இன்று உங்கள் கதவைத் தட்டினால்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"பல் இல்லாமல் வந்தால் பல் செய்து கொடுப்பேன். உட்காரச் சொல்ல மாட்டேன்."

கேட்ட மார்க் வந்தது. ஒரு துளி கூட மிச்சமில்லை, குறையவும் இல்லை.

செய்தி எட்டியதும் டை மாஸ்டரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். வகுப்பு நடுவில் நிற்க வைத்து, "நம்ம ஸ்டூடண்ட்!" என்று கைதட்டச் சொன்னார். பிறகு பரீட்சையில் பேசியதை அவளைச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு, "அந்தப் பல்பு கதையை அப்படியே எழுதிக் குடும்மா. அடுத்த பேட்சுக்கு மனப்பாடம் பண்ணக் குடுத்துடலாம்" என்றார்.

"தர மாட்டேன் மாஸ்டர்."

"ஏன்? உனக்கு அதோட வேலை முடிஞ்சுபோச்சே!"

"ஓடிப்போனாலும் அவரு எங்க வீட்டு ஆளு. வாடகைக்கு விட மாட்டேன். அவங்கவங்க அப்பாவை அவங்கவங்களே கூட்டிட்டுப் போகட்டும்."

கடைசி பெஞ்சில் ஒரு நர்ஸம்மா எழுந்தாள். "மாஸ்டர், எங்கப்பா கடலையே பார்த்ததில்லை. குடிச்சுட்டுக் கிணத்துல விழுந்தவரு. நான் கிணத்தைச் சொல்லிக்கவா?"

டை மாஸ்டர் முதல் தடவையாக டையைத் தளர்த்தினார்.