ஜீபாணு

சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாளம் மூழ்கி, இரண்டு நாள் நான் ரயில் பெட்டிக்குள்ளேயே கிடந்த மழை ஒன்று உண்டு. அந்த மழையில் பிறந்தவன்தான் என் மகன். அவன் மனைவி செல்வி தலைப்பிள்ளைக்கு ஏழு மாதமாக இருந்தபோது நடந்தது இது.

இந்தக் கல்கத்தாவில் முன்பின் தெரியாத நர்ஸம்மாவும் என்னைக் ‘காகு’ என்பாள். சித்தப்பா என்று அர்த்தம். நாற்பது வருடமாகியும், ஊரிலிருந்து அண்ணன் மகள் வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் விருத்தாசலத்திலிருந்து வந்த செல்விக்கு வங்காளம் தெரியாததால், வீட்டுக்கு நான்தான் துபாஷி. மகன் டூட்டிக்குப் போய்விட்டான். பவானிபூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்க நான் போனேன்.

“ஜீபாணு பாவா கேச்சே, காகு” என்றாள் நர்ஸம்மா. பாவா கேச்சே என்றால் கிடைத்திருக்கிறது. ஜீபாணு? ஜீவன்தானே! வேலாயுதமான என்னைப் பேலாயுதம் ஆக்கியவர்கள் அல்லவா இவர்கள்! பிறகு அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. அவள் நீட்டிய தாளைக்கூட மேஜையில் விட்டுவிட்டு, சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“என்ன சொன்னாங்க, மாமா?”

“ஜீவன் இருக்காம்மா.”

“அதான் உதைக்குதே, அதுக்கு ஒரு டெஸ்டா?” என்று சிரித்தாள் செல்வி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாத்திரை வாங்க ஏன் வரவில்லை? ஓடினேன். “ஜீவன் இருக்குன்னுதானேம்மா சொன்னீங்க?” என்றேன்.

“ஜீபன் இல்ல காகு, ஜீபாணு! போகா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் நர்ஸம்மா. போகா என்றால் பூச்சி. கிருமி.

“அவளுக்குக் காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்லம்மா.”

“வெளியில தெரியாதுன்னுதான் எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கறோம். விட்டா கிட்னிக்கு ஏறும். புள்ள குறைமாசத்துல பொறந்துடலாம்.”

யார்டில் நான் சுத்தியலால் சக்கரம் தட்டிப் பார்த்தவன். பளபளவென்று இருக்கும் சக்கரம், உள்ளே விரிசல் இருந்தால், தட்டும்போது செத்த சத்தம் கொடுக்கும். இதுவும் அப்படியா? சக்கரத்தைக் கழற்றி ஓரம் போட்டுவிடலாம். சிரித்துக்கொண்டு வளைய வரும் பெண்ணை நோயாளி என்று எப்படி நினைப்பது? இன்றும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

“அப்ப பூச்சிக்கா ஸ்வீட் தின்னோம், மாமா?” என்றாள் செல்வி. சிரித்தாள்தான், கை மட்டும் வயிற்றை விட்டு வரவில்லை.

மாத்திரை முடிந்து மறுபடி டெஸ்ட். முடிவைக் கேட்க மறுபடி நான்தான் போனேன்.

“ஜீபாணு நேய், காகு!” நேய் என்றால் இல்லை. நர்ஸம்மா சிரிக்கிறாள். என் தமிழ்க் காது ‘ஜீவன் இல்லை’ என்று கேட்டு, எனக்கு உயிரே போய்விட்டது. வங்காளக் காது வந்து சேர்வதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் சொல்ல, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு செல்விதான் இதை எழுதுகிறாள். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சி யாராவது இங்கே வந்தால் சொல்லி அனுப்புங்கள்: ஜீபாணு வேறு, ஜீவன் வேறு. மாமனாரை நம்பாமல், நர்ஸம்மாவையே இன்னொரு தரம் கேட்கச் சொல்லுங்கள்.